யார் தப்பு? – ஒரு கேள்வி மாறிய வரலாறு

பி.காம். படிக்கிறவர்களுக்கு மேனேஜ்மென்ட் பேப்பரில் தவறாமல் வரும் ஐந்து மார்க் கேள்வி ஒன்று உண்டு. "தர வட்டம் – சிறுகுறிப்பு வரைக." தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடி, தங்கள் வேலையில் இருக்கும் பிரச்சினைகளைத் தாங்களே ஆராய்ந்து தீர்வு காண்பது, ஜப்பானில் 1962ல் தொடங்கியது என்று நான்கு வரி எழுதினால் மார்க் வந்துவிடும். கூடவே திட்டமிடு, செய், சரிபார், செயல்படு என்று ஒரு வட்டம் வரைந்தால் அரை மார்க் கூடுதலாகவும் கிடைக்கலாம்.

அந்த நான்கு வரிக்குப் பின்னால் சிகாகோவில் தொடங்கி, கல்கத்தாவையும் டோக்கியோவையும் சுற்றி, கடைசியில் நம்ம சென்னை பாடிக்கு வந்து சேரும் ஒரு கதை இருக்கிறது. "பிரச்சினையை வரிசைப்படி அணுகு" என்று இன்றைக்கு எல்லா ட்ரெயினிங் கிளாஸிலும் சொல்கிறார்களே, அந்த வரிசை எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்த வரிசையின் அடிப்படையே ஒரு கேள்வியை மாற்றியதுதான் என்பது என் தாழ்மையான கருத்து. "யார் தப்பு?" என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் "எங்கே தப்பு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சிகாகோ, 1924

ஹாதார்ன் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. எல்டன் மேயோ, விளக்கு வெளிச்சம், தொழிலாளர் மனநிலை என்று விழுந்து விழுந்து படித்திருப்போம். சிகாகோவை ஒட்டி இருந்த அந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில்தான் அமெரிக்காவின் டெலிஃபோன் கருவிகள் தயாராயின. மேயோ ஆய்வின் புகழில் அதே ஆலையில் நடந்த இன்னொரு சமாச்சாரம் அமுங்கிப் போய்விட்டது.

பிரச்சினை இதுதான். லட்சக்கணக்கில் தயாராகும் கருவிகளில் சில கோளாறாக வரும். கடைசியில் ஒரு பரிசோதகர் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரிப்பார். கெட்டது அதிகமானால் மேற்பார்வையாளர் வந்து மெஷினைத் திருகுவார், தொழிலாளியைத் திட்டுவார். அடுத்த நாள் குறைந்தால் "திட்டினேன், சரியாயிடுச்சு" என்று நிம்மதி. மறுபடி ஏறினால் மறுபடி திட்டு.

அங்கே வேலை பார்த்த இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட் இதை உற்றுப் பார்த்தார். 1924 மே 16ம் தேதி தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். மொத்தமே ஒரு பக்கம்தான், அதிலும் மூன்றில் ஒரு பங்கு வெறும் படம். இன்றைக்கு உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் பயன்படும் 'கட்டுப்பாட்டு வரைபடம்' அந்த ஒரு பக்கத்தில்தான் பிறந்தது.

அதில் இருந்த விஷயத்தைப் புள்ளியியல் பயமில்லாமல் இப்படிச் சொல்லலாம். வீட்டிலிருந்து காலேஜுக்குப் போக உங்களுக்கு 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கரெக்டாக 40 ஆகாது. 38, 43, 39, 41 என்று ஏறி இறங்கும். ஒருநாள் 75 ஆகிறது. அந்த 75க்கு "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் இருக்கும்: பஸ் பிரேக்டவுன், மழை, ஊர்வலம் இத்யாதி. ஆனால் "நேத்து 39, இன்னிக்கு ஏன் 43?" என்று கேட்டால் பதில் கிடையாது. சிக்னல், கூட்டம், டிரைவரின் மூட் என்று நூறு சின்ன விஷயங்கள் சேர்ந்த ஆட்டம் அது. 43 வேண்டாம் என்றால் அன்றைக்கு நடந்ததைத் தேடிப் பயனில்லை. கிளம்பும் நேரத்தையோ ரூட்டையோதான் மாற்ற வேண்டும்.

ஷூஹார்ட் இந்த இரண்டையும் பிரித்தார். தனியாகக் கண்டுபிடிக்கக் கூடிய காரணம் ஒரு வகை. அமைப்பிலேயே ஊறிப்போன இயல்பான ஏற்ற இறக்கம் இன்னொரு வகை. சராசரிக்கு மேலேயும் கீழேயும் மூன்று திட்ட விலக்கம் தள்ளி இரண்டு கோடு போடு, புள்ளி கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேடு, கோட்டுக்குள்ளே ஆடினால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிக் காரணம் தேடாதே என்றார். நாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் மாங்கு மாங்கென்று கணக்குப் போட்ட அதே திட்ட விலக்கம்தான். இதற்கெல்லாம் பயன்படும் என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்!

இதில் ஒரு சங்கடமான முடிவும் ஒளிந்திருக்கிறது. கோட்டுக்குள்ளே ஆடும் புள்ளிக்காக ஒரு தொழிலாளியைத் திட்டினால் அது அநியாயம், பிரயோஜனமும் இல்லாதது. சும்மா இருக்கும் மெஷினைத் தினமும் திருகினால் ஆட்டம் குறையாது, கூடத்தான் செய்யும்.

சிவப்பு மணிகள்

1925லும் 1926லும் கோடை விடுமுறையில் அதே ஹாதார்ன் ஆலைக்கு வேலைக்கு வந்த மாணவர் எட்வர்ட்ஸ் டெமிங். பின்னாளில் ஷூஹார்ட்டைக் குருவாக ஏற்றுக்கொண்டு, 1939ல் வெளியான அவருடைய இரண்டாவது புத்தகத்தைத் தொகுத்துக் கொடுத்தவரும் இவரே.

டெமிங் தன் வகுப்புகளில் வருடக்கணக்கில் நடத்திய விளையாட்டு ஒன்று பிரபலம். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அதில் 800 சிவப்பு, மீதி வெள்ளை. ஐம்பது குழி உள்ள ஒரு மட்டையை உள்ளே விட்டு எடுத்தால் ஐம்பது மணி வரும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு கோளாறு. பார்வையாளர்களில் ஆறு பேரைக் கூப்பிட்டு "நீங்கள்தான் தொழிலாளிகள்" என்பார். சூப்பர்வைசர் வேஷம் அவருக்கு.

ஒருவருக்கு 6 சிவப்பு வரும். பாராட்டு, சம்பள உயர்வு! இன்னொருவருக்கு 14. "வேலையில் கவனம் இல்லை" என்று திட்டு. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கு 12 வரும். "சம்பளம் ஏறியதும் தலைக்கனம் வந்துவிட்டது" என்பார். 14 எடுத்தவருக்கு 9 வரும். "பார்த்தீர்களா, திட்டினால்தான் திருந்துகிறார்கள்." கடைசியில் மோசமான மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நல்ல மூன்று பேரை மட்டும் வைத்து நடத்துவார். சிவப்பு குறையவே குறையாது. அறையே சிரிக்கும். சிரித்து முடித்ததும் ஒரு அமைதி வரும். ஏனென்றால் அவரவர் ஆபீசும் இப்படித்தான் நடக்கிறது.

பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு இருக்கும்போது ஐம்பதில் சராசரியாகப் பத்து வரத்தான் செய்யும். தொழிலாளி கையில் எதுவுமே இல்லை. பெட்டியை வாங்கியவர் முதலாளி. தொல்லைகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தது, அதை மாற்றும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்பது தன் அனுபவத்தில் டெமிங் போட்ட கணக்கு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடத் தேவையில்லை. சாய்வு எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம்.

குரு இங்கே, சிஷ்யர் அங்கே

எனக்கு மிகவும் பிடித்த, ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லாத பகுதி இதுதான்.

கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931ல் நிறுவிய மகலனோபிஸின் அழைப்பில், ஷூஹார்ட் 1947-48ல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதங்கள் தங்கி, தரக்கட்டுப்பாடு பற்றி நம் தொழில்துறையினரிடம் பேசினார். நாடு சுதந்திரம் அடைந்து சில மாதங்களே ஆன நேரம். அதே 1947ல் டெமிங் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்காக, போரில் சிதைந்து கிடந்த ஜப்பானுக்குப் போயிருந்தார்.

ஆக, குருவே நேரில் வந்தது நம்மிடம். சிஷ்யர் போனது ஜப்பானுக்கு. பிறகு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் அப்படி?

1950 கோடையில் ஜப்பானிய விஞ்ஞானிகள் மற்றும் பொறியாளர்கள் சங்கம் டெமிங்கை உரையாற்ற அழைத்தது. முதலில் வந்தவர்கள் பொறியாளர்கள். ஆனால் டெமிங்குக்கு ஒரு கசப்பான பாடம் ஏற்கெனவே இருந்தது. போர்க்காலத்தில் அமெரிக்கப் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் இதே புள்ளியியல் முறைகளைக் கற்றார்கள். போர் முடிந்து, எதைத் தயாரித்தாலும் விற்கும் காலம் வந்ததும் நிர்வாகங்கள் அதைக் கைவிட்டுவிட்டன. எனவே "முதலாளிகளிடம் பேச வேண்டும்" என்று கேட்டார். சங்கத்தின் தலைவரும் தொழிலதிபர்கள் மத்தியில் பெரும் செல்வாக்கு உள்ளவருமான இச்சிரோ இஷிகாவா ஏற்பாடு செய்ய, ஜூலை 13ம் தேதி 21 நிறுவனத் தலைவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்போது 'ஜப்பான் சரக்கு' என்றால் மலிவு, மட்டம் என்றுதான் அர்த்தம். ஐந்து வருடத்தில் உலகம் உங்கள் பொருளைத் தேடி வரும் என்று தான் அவர்களிடம் சொன்னதாக டெமிங் பிற்பாடு எழுதியிருக்கிறார். தன் உரைகளின் அச்சுப் பிரதிக்குக் கிடைக்க வேண்டிய தொகையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதை வைத்து 1951ல் தொடங்கியதுதான் டெமிங் பரிசு.

அந்த நாலு கட்ட வட்டத்தின் கதையும் வேடிக்கைதான். ஷூஹார்ட் 1939 புத்தகத்தில் சொன்னது மூன்று கட்டம். டெமிங் ஜப்பானில் காட்டியது வடிவமைப்பு, தயாரிப்பு, விற்பனை, ஆய்வு என்று சுற்றும் ஒரு சக்கரம். அதை 'திட்டமிடு, செய், சரிபார், செயல்படு' என்று மாற்றிக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள். நம் புத்தகங்கள் அதை 'டெமிங் சக்கரம்' என்கின்றன. டெமிங்குக்கோ அந்த 'சரிபார்' என்ற சொல்லே பிடிக்கவில்லை. 'கற்றுக்கொள்' என்ற பொருளில்தான் இருக்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். சரிபார் என்றால் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்ற கவலை.

பட்டறைக்குள் இறங்கிய கணக்கு

1954ல் ஜோசப் ஜூரான் ஜப்பான் வந்தார். கோளாறுகளில் பெரும்பகுதி ஒரு சில காரணங்களிலிருந்துதான் வருகிறது, அந்தச் சிலவற்றை முதலில் பிடி என்பது அவருடைய பாடம். அதற்கு இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோவின் பெயரை வைத்தார். பரேட்டோ ஆராய்ந்தது செல்வப் பங்கீட்டை மட்டும்தான், எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதியாக அவர் சொல்லவில்லை, பெயர் வைத்தது என் தவறு என்று 1975ல் ஜூரானே எழுதினார். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இச்சிரோவின் மகன் காவோரு இஷிகாவா செய்ததுதான் பெரிய விஷயம். காரணங்களை மீன் எலும்பு போல வரையும் படத்தை 1943ல் கவாசாகி ஆலைப் பொறியாளர்களுக்கு விளக்கும்போது பயன்படுத்தினார். பிறகு கணக்கு நிபுணர்களிடம் இருந்த கருவிகளில் ஏழை மட்டும் பொறுக்கி எடுத்து, பள்ளிப் படிப்பு படித்த யாரும் பென்சிலும் பேப்பரும் வைத்துச் செய்யக் கூடியதாக ஆக்கினார்கள். 1962ல் பட்டறை மேஸ்திரிகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கத்தான் குழு. நாம் ஐந்து மார்க்குக்கு எழுதும் தர வட்டம் அப்படிப் பிறந்தது. முதலில் அது ஒரு வாசகர் வட்டம்!

டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ பரப்பியது இன்னும் எளிமை: ஐந்து முறை 'ஏன்' கேள். அவர் தரும் உதாரணம் புகழ்பெற்றது. மெஷின் நின்றுவிட்டது. ஏன்? அதிக சுமையில் ஃப்யூஸ் போய்விட்டது. ஏன் சுமை? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போய்விட்டது. முதல் 'ஏன்'னோடு நிறுத்தியிருந்தால் ஃப்யூஸ் மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்த மாதமும் மாற்றுவார்கள். இந்த ஐந்து பதிலில் ஒன்றில்கூட ஒரு மனிதரின் பெயர் இல்லை, கவனித்தீர்களா?

இதையெல்லாம் ஒரு வரிசையில் கோத்ததற்கு 'க்யூ.சி. கதை' என்று பெயர். செய்த வேலையை மற்றவர்களுக்குக் கதை போலச் சொல்வதற்காகக் கொமட்சு நிறுவனத்தில் உருவான அறிக்கை வடிவம் அது. பிற்பாடு அதே வடிவம் வேலை செய்யும் முறையாகவும் ஆகிவிட்டது. பேராசிரியர் ஹிதோஷி குமே சொல்லும் ஏழு படிகள் இவை:

1. பிரச்சினையைத் தெளிவாகச் சொல்
2. நேரில் போய்க் கவனி
3. காரணங்களை அலசு
4. காரணத்தை நீக்கு
5. பலன் கிடைத்ததா பார்
6. மறுபடி வராதபடி நடைமுறையாக்கு
7. மிச்சம் என்ன என்று தொகு

நாம் வழக்கமாக நாலாவது படியில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறோம்.

வீட்டில் ஒரு சோதனை

கரண்ட் பில்லை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் பில் எகிறினால் நடப்பது என்ன? "ஃபேனை அணைக்காம வந்தது யாரு?" என்று ஒரு குரல், "நான் இல்லை" என்று நாலு குரல். இரண்டு நாள் எல்லோரும் ஸ்விட்சைப் பார்த்துப் பார்த்து அணைப்பார்கள். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஏழு படியில் போனால் எப்படி? 'பில் அதிகம்' என்பது புலம்பல். கடைசி ஆறு பில்லின் யூனிட்டை வரிசையாக எழுதினால்தான் அது பிரச்சினை. வழக்கமான ஏற்ற இறக்கமா, நிஜமாகவே தாவியிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்து, பத்து நாள் காலையும் இரவும் மீட்டரைப் பார்த்துக் குறித்தால் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பது தெரியும். அதற்குப் பிறகுதான் ஃப்ரிட்ஜா, ஹீட்டரா, தண்ணீர் மோட்டாரா என்ற அலசல். மோட்டார்தான் என்று வந்தால், ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது? டேங்க் நிரம்பியது கீழே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. "இனிமே ஞாபகமா அணைக்கணும்" என்பது தீர்வல்ல, அது ஃப்யூஸ் மாற்றும் வேலை. நிரம்பினால் தானே நிற்கும் சுவிட்ச் மாட்டுவது வடிகட்டி போடும் வேலை. மாட்டிய பிறகு அதே மீட்டரை அதே மாதிரி பத்து நாள் பார்க்க வேண்டும். குறையவில்லையா? அலசலுக்குத் திரும்ப வேண்டும்.

செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா. ஆனால் இது எலெக்ட்ரிக் பில்லோடு நிற்கும் விஷயமில்லை. ஒரு பையனுக்கு மார்க் குறைந்தாலும், கடையில் கல்லாக் கணக்கு இடித்தாலும் நம் முதல் வேலை ஆளைத் தேடுவதுதான். கேஷில் உட்கார்ந்திருப்பவர் திட்டு வாங்குவார், சில சமயம் வேலையையும் இழப்பார். பெட்டியில் சிவப்பு மணி அப்படியே இருக்கும், அடுத்து வருகிறவரும் அதையேதான் அள்ளுவார்.

பாடி வரை

ஷூஹார்ட் வந்துபோன பிறகு இந்தியா சும்மா இருக்கவில்லை. 1950களில் புள்ளியியல் கழகம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் தொடங்கியது. நிபுணர்கள் உருவானார்கள். ஆனால் முதலாளிகளின் அறைக்குள்ளும் மேஸ்திரியின் கைக்குள்ளும் அது அவ்வளவாகப் போகவில்லை. காமர்ஸ் மாணவனாக எனக்குத் தோன்றும் காரணம் எளிது. லைசென்ஸ் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வாங்குபவர் வரிசையில் நிற்கும்போது விற்பவர் எதற்காகக் கோளாறை எண்ண வேண்டும்? போருக்குப் பிந்தைய அமெரிக்காவுக்கு நடந்ததுதான் நமக்கும் நடந்தது. அமெரிக்கா விழித்துக்கொண்டது 1980ல், ஜப்பானால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்று ஒரு டி.வி. நிகழ்ச்சி கேட்ட பிறகு. எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த டெமிங்கை அவர் சொந்த நாடு கவனித்தது அப்போதுதான்.

நம் பக்கம் 1991ல் கதவு திறந்தது. 1998ல் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு டெமிங் பரிசை வென்றது. இந்திய நிறுவனங்களில் அதுவே முதல். 2001ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002ல் டி.வி.எஸ். மோட்டார், 2003ல் ரானே பிரேக் லைனிங்ஸ் என்று தமிழ்நாட்டு நிறுவனங்கள் வரிசையாக வாங்கின. குரு வந்துபோய் ஐம்பது வருடம் கழித்து, சிஷ்யரின் பெயரில் பரிசு!

வரிசை சாமி ஆகிவிட்டால்

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜப்பானுக்கு வெளியே டெமிங் பரிசை முதலில் வென்றது 1989ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பவர் அண்ட் லைட் மின் நிறுவனம். வென்ற கையோடு அங்கே புதிதாக வந்த தலைவர் ஊழியர்களிடம் பேசிப் பார்த்தால், பேப்பர் வேலையும் அறிக்கையும் தாங்கவில்லை என்ற புலம்பல்தான். தரத்துறையையே வெகுவாகக் குறைத்துவிட்டார். படியை ஏறுவதற்குப் பதில் படிக்குப் பூஜை செய்தால் இதுதான் கதி. ஜப்பானிலேயே கோபே ஸ்டீல் தரப் புள்ளிவிவரங்களைத் திருத்திய விவகாரம் 2017ல் வெடித்தது. எண்ணைச் சொல்கிறவனுக்குத் தண்டனை என்றால் எண்ணே பொய் சொல்லும். பயத்தை விரட்டு என்பதை நிர்வாகத்துக்கான தன் 14 அம்சங்களில் ஒன்றாக டெமிங் வைத்தது இதனால்தான்.

எனவே ஏழு படியும் மனப்பாடம் ஆகாவிட்டால் பரவாயில்லை. அடுத்த முறை வீட்டிலோ வேலையிலோ ஏதாவது கோளாறானால், வாயில் 'யார்' வருவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். இது எப்போதும் ஆடும் ஆட்டம்தானா, புதிதாக ஏதாவது நடந்திருக்கிறதா? அந்த இடத்தில் வேறு ஒரு ஆள் இருந்திருந்தால் இது நடக்காமல் இருந்திருக்குமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் 'நடந்துதான் இருக்கும்' என்றால், திட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டை எடுத்து எண்ண ஆரம்பிக்கலாம்.